போக எட்டு, நிற்கப் பத்து, வர எட்டு

சிங்கப்பூருக்குப் போய்ப் பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று நாங்கள் முடிவு செய்தது, ஒரு கண் டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்த அரைமணி நேரத்துக்குள். வருஷம் ஐம்பது. நாகர்கோவில் வடசேரியில் ஊர்ப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்துப் பழக்கடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஏட்டி, கண்ணு முழுசும் போறதுக்குள்ள ஒனக்கு அந்த ஊரக் காட்டிரணும்."

கண்ணுக்குள் நீரழுத்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருமாம். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சி நிற்கும், அப்புறம் அதுவும் போகும். சொட்டு மருந்தை விடாமல் ஊற்றினால் இரண்டு வருஷம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. அவருக்கு அப்போது நாற்பது வயது. எந்த மனைவிக்கும் அந்த இடத்தில் அழுகைதான் வந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது.

ஏனென்றால் அந்த ஊரைக் காட்டுகிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான நாலாம் மாதம் கப்பல் ஏறினவர். சிங்கப்பூரில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை. அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்து கடிதமும் நின்றது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் நான் பயிற்சி முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டேன். நாற்பத்தாறில் எலும்பும் தோலுமாக வந்து வாசலில் நின்றார். இனிமேல் எங்கேயும் போகமாட்டேன் என்றார். நானும் அதோடு சிங்கப்பூரைத் தலைமுழுகியிருந்தேன்.

இப்போது பஸ் நிற்கிற இடத்தில் அதைத் திரும்ப எடுக்கிறார்.

"நல்லா இருந்தப்ப கூட்டிட்டுப் போவல்ல. இப்ப என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் போணும்" என்றார்.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாலு கோட்டு நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு லீவு கிடைப்பது சித்திரை, வைகாசியில்தான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போக எட்டு நாள், வர எட்டு நாள். இங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு பஸ்ஸும் ரயிலுமாக இரண்டு நாள். எப்படிப் பார்த்தாலும் அங்கே நிற்பதற்குப் பத்து நாள் தாராளமாகக் கிடைத்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

முதல் நாள் துறைமுகம். காலை பத்து மணிக்கு, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். சீனர்களின் படகுகள் வரிசையாகக் கிடக்கும். "அவனுக்க படகுக்கு முன்னால ரெண்டு கண்ணு எழுதி வச்சிருப்பான், பாத்துக்கோ. கண்ணு இல்லேன்னா படகுக்கு வழி தெரியாதாம்." இரண்டாம் நாள் சிரங்கூன் ரோடு. அங்கே போனால் நம் ஊர் மாதிரியே இருக்கும் என்றார். நம் ஊர் மாதிரி இருப்பதைப் பார்க்க எதற்கு எட்டு நாள் கப்பலில் போக வேண்டும் என்று நான் அதை அடித்துவிட்டேன். அவர் மறுபடி எழுதச் சொன்னார். மூன்றாம் நாள் ராத்திரி, கடலில் நிற்கிற கப்பல்களின் விளக்கெல்லாம் தண்ணீரில் விழுவதைப் பார்ப்பது. ஐந்தாம் நாள் மலாய்க்காரர்களின் சந்தை. ஏழாம் நாள் குன்றின் மேல் ஏறி ஊர் முழுவதையும் ஒருசேரப் பார்ப்பது. ஒரு தெருவில் சீனன், அடுத்த தெருவில் அரபி, அதற்கும் அடுத்ததில் குஜராத்தி. பள்ளிவாசலும் சீனக் கோயிலும் நம் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில். எட்டாம் நாள் எதுவும் செய்யாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அதைத் தரவே மாட்டேன் என்றார். அதற்கு ஒரு வாரம் சண்டை போட்டோம். கல்யாணமாகி நாங்கள் ஆசையாகச் சண்டை போட்டது அந்த ஒரு வாரம்தான் என்று நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தி அவர் போனபோது பாஸ்போர்ட் என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அது இல்லாமல் கப்பலில் ஏற முடியாது. நாங்கள் அன்று திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவர்கள். விண்ணப்பம் திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டும். நாகர்கோவில் ஸ்டுடியோவில் இரண்டு பேரும் படம் எடுத்துக்கொண்டோம். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். தகப்பனார் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நிறுத்தினேன்.

"மாமா பேர எழுது" என்றார். "பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல அதான் கெடக்கு."

எழுதினேன். எங்கள் பக்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் ஜனத்தில் அவர் பிறந்த காலத்தில் மருமக்கள் வழிதான். சட்டம் வந்து அது மாறியது பிறகு. ஒருவருடைய சொத்து அவர் பிள்ளைக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைக்குப் போகும். பிள்ளையை வளர்த்துப் படிக்க வைப்பது தாய்மாமன். இவருக்கு ஆறு வயதிருக்கும்போது இவருடைய அம்மா புருஷனோடு ஒத்துப்போகாமல் பிரிந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமாதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். காரணவர், அதாவது குடும்பப் பொறுப்பாளர் என்று தன் பெயரைச் சொன்னார், தகப்பன் என்ற இடத்திலும் வாத்தியார் அதையே எழுதிக்கொண்டார். முப்பது வருஷமாக அதனால் ஒரு காரியமும் தடைப்படவில்லை.

விண்ணப்பம் விசாரணைக்கு எங்கள் பார்வத்தியகாரரிடம் வந்தது. கிராம அதிகாரியை அன்று அப்படித்தான் சொல்வோம். ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். வீட்டுக்கே வந்தார்.

"டீச்சரே, இது அவருக்க மாமாவுல்லா? நான் எப்பிடி அப்பான்னு ஒப்பு போடுவேன்? அப்பா உசிரோட இருக்காருல்லா. அவருகிட்ட ஒரு எழுத்து வாங்கித் தாங்கோ. நான் அன்னைக்கே மேல அனுப்பிருதேன்."

நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. தகப்பனார் இருந்தது தோவாளைக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல். தன் மருமகனோடு, அதாவது சகோதரியின் மகனோடு இருந்தார். வயலும் வீடும் அந்த மருமகனுக்குத்தான். என் வீட்டுக்காரர் ஆறு வயதுக்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை.

"அந்த மனுசன்கிட்ட போயி, நான் ஒம்ம மகன்தான்னு எழுதித் தாருமின்னு நான் கேக்கணுமா? ஒரு வாய் சோறு போடாத ஆளு. வேண்டாம்ட்டி."

கடல் தாண்டத் துணிந்தவருக்கு ஒன்பது மைல் தாண்ட முடியவில்லை. வேறு வழி இருக்கும், யாரையாவது பிடித்துச் சரிக்கட்டலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பியிருக்கலாம். நான் போகவில்லை. அவருடைய ரோஷத்தை நானும் தூக்கிச் சுமந்தேன். எத்தனையோ வீட்டில் மனைவிமார் புருஷனுக்குத் தெரியாமல் எத்தனையோ காரியம் செய்கிறார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமல் போயிற்று. இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

முதல் சித்திரை போயிற்று. அதற்கு முந்தி மாசியில், கும்பப்பூ நெல் அறுப்பின்போதே ராத்திரியில் கண் தெரிவதில்லை என்று ஆகியிருந்தது. ஒருநாள் நோட்டை எடுக்கச் சொல்லி, "மூணாம் நாளு வேண்டாம், அடிச்சிரு" என்றார். கப்பல் விளக்குகளை அடித்தேன். ஆடியில் சந்தையை அடிக்கச் சொன்னார். கூட்டத்தில் பக்கத்தில் வருகிறவர்கள் தெரியாமல் இடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். குன்று போயிற்று. ஒரு வாரம் சண்டை போட்ட எட்டாம் நாளை அவரே எனக்கு விட்டுக் கொடுத்தார். "நீ சொன்ன மாதிரி படுத்துக் கெடப்போம்" என்றார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. இரண்டாம் சித்திரையும் போனபோது படுத்துக் கிடக்கிற நாளைத் தவிர பத்து நாளில் ஒரு நாள்தான் அடிக்காமல் மிச்சம் இருந்தது. முதல் நாள், காலை பத்து மணி, கண் எழுதிய படகுகள்.

ஒரு காலை நேரம். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு அவர் முன்னால் வந்து நின்றேன். என்ன சேலை கட்டியிருக்கிறேன் என்று கேட்டார். பச்சை என்றேன். கையை நீட்டித் தலைப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"லீவு எழுதிக் குடு. தோவாளைக்குப் போயிட்டு வருவோம்."

கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் நடக்கும்போது இரண்டு முறை கால் சறுக்கினார். வீட்டில் மருமகன் எங்களைக் கண்டு திகைத்தார். ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. உள்ளே கூட்டிப் போனார். ஜன்னல் பக்கம் கட்டிலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். திருப்பியது எங்களைப் பார்த்து அல்ல, எங்களுக்குப் பக்கவாட்டில் இருந்த சுவரைப் பார்த்து.

"ஆரு?"

நான்தான் யாரென்று சொன்னேன். கிழவர் கையை நீட்டினார்.

"கிட்ட வா மக்கா. எனக்குக் கண்ணு தெரியாது. முப்பது வருசமாச்சு. ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வந்துது, அப்பிடியே போச்சு. எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான்."

நான் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு இவர் கட்டிலருகே போனார்.

"எத்தன வயசுல?" என்று இவர் கேட்டார். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு தகப்பனிடம் அவர் கேட்ட முதல் வார்த்தை அது.

"நாப்பது இருக்கும். நீ சின்னப் பயலா இருக்கும்போ ஒங்க மாமங்கிட்ட ஆள் விட்டுச் சொன்னேன், பிள்ளைக்கு கண்ண காட்டிக்கிட்டே இருங்கன்னு. வந்த ஆள வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. அது போட்டு. ஒனக்கு நல்லா இருக்குல்லா?"

"நல்லா இருக்கு" என்றார் இவர்.

கிழவர் இவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். நெற்றி, மூக்கு, மூடின இமை வரைக்கும் தடவினார். வந்த காரியத்தை நான் சொன்னதும் மை கொண்டுவந்து, நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தில் கிழவரின் பெருவிரலை மருமகன்தான் வைத்து அழுத்தினார். இன்னார் என் மகன் என்று அதில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் பயம்.

"கண்ணு மட்டும் மருமகனுக்குப் போகல்ல, பாத்தியா" என்றார்.

பிறகு ஒரு தடவை டாக்டரிடம் இதைச் சொன்னேன். பரம்பரை என்று தெரிந்திருந்தால் இளவயதிலேயே பார்த்திருக்கலாமே, அப்போது என்றால் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும் என்றார். அவர் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நான்தான் எழுந்து வந்துவிட்டேன்.

பாஸ்போர்ட் தபாலில் வந்தபோது மாசி முடிந்திருந்தது. சித்திரைக்கு நாள் இருந்தது, லீவு இருந்தது, கப்பலும் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஜன்னல் இருக்கிற பக்கம் மட்டும் வெளுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட், நான் எப்படித் தனியாகப் போவது என்றேன். அப்படி இல்லாமல் இருந்தாலும் போயிருக்க மாட்டேன். எனக்கு அந்த ஊர் பத்து பக்கம் அடித்த நோட்டு. அதைப் பார்த்து நான் என்ன செய்ய?

புத்தகத்தைக் கையில் வாங்கி அட்டையைத் தடவினார். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, உங்களுக்கு மீசை கொஞ்சம் கோணல் என்றேன்.

"அப்பா பேரு எங்க இருக்கு? வாசி."

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பெயர் இருந்தது, தொழில் இருந்தது, பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம் எல்லாம் இருந்தன. தகப்பன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. விண்ணப்பத்தோடு அந்தப் பெயரின் வேலை முடிந்துபோயிருந்தது. அதற்காகத்தான் எங்களுக்கு இரண்டு வருஷம் போயிற்று. இதில் அது இல்லை என்றேன்.

"பின்ன என்னதான் போட்டிருக்கு?" என்றார்.

இருந்ததை வரிசையாக வாசித்தேன். உயரத்துக்கும் முடிக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது. அதை விட்டுவிட்டு வாசித்தேன். ஆனால் என் குரல் தட்டியதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நடுவுல என்னமோ விட்டுட்ட. வாசிட்டி."

"கண்ணின் நிறம், கறுப்பு" என்று வாசித்தேன்.