மேலே வராத குவியல்

கையில் உப்புத்தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரப்பில் டவர் சரியாகக் கிடைக்காது என்று மோட்டார் கொட்டகை மேட்டில் ஏறினேன். அங்கேயும் வட்டம்தான் சுற்றியது. கிழக்கே கடல் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மழைக்கு முன்னால் என் உப்புக்கு லாரி வருமா, வராதா?

மழை வந்துவிட்டால் உப்பளத்துக்குள் போகும் மண்பாதை சேறாகிவிடும். லாரி இறங்காது. தார்ப்பாய் போட்டு மூடினாலும் அடியில் ஓடும் தண்ணீர் குவியலைக் கரைத்துவிடும். கோடை முழுக்க நானும் என் மனைவியும் வாரிச் சேர்த்த உப்பு அது.

முன்பெல்லாம் யாருக்கு எப்போது லாரி என்ற முறையை எங்கள் உப்பளச் சங்கத்துக் காவல்காரர் சொல்வார். சத்தம் போடுகிறவர்களுக்கு முறை சீக்கிரம் வந்துவிடும். எனக்குச் சத்தம் வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இனி லாரிக்குப் பதிவதெல்லாம் போனில்தான் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னபோது, அங்கே என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் யாரும் இருந்திருக்க மாட்டான். அஞ்சாவது வரை படித்த தமிழ் போதும், எழுத்துக்கூட்டிப் படித்து அமுக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தக் கூட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர்தான் அதற்கான வெப்சைட்டைச் செய்தவர். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "லிஸ்ட்ல எது மேல வரணும்ங்க?" என்று கேட்டார்.

"புதுசுதான் மேல. பழசு அடியில கெடக்கும்" என்றார்கள் முன்வரிசை ஆட்கள், ஒரே குரலில்.

அவர்கள் உப்புக் குவியலை நினைத்துச் சொன்னார்கள். அன்றன்றைக்கு வாரியதைக் கொண்டுவந்து மேலேதான் கொட்டுகிறோம். பழைய உப்பு மேலே இருந்து எங்களில் யார் பார்த்திருக்கிறோம்? அந்தப் பெண் அதை அப்படியே குறித்துக்கொண்டு போய்விட்டார்.

விளைவு, நேற்றுப் பதிந்தவன் மேலே, முதலில் பதிந்தவன் கீழே. லாரிக்காரர்கள் மேலிருந்து எடுத்தார்கள். முதல் ஆட்களில் ஒருவனாகப் பதிந்த நான் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே போனேன்.

பக்கத்து அளம் கூனிமேட்டு பாய் ஒருவருடையது. வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர், போனில் கெட்டிக்காரர். அவருடைய உப்பு லாரியில் ஏறிப் போனதும் என்னிடம் வந்தார்.

"ஏம்பா, நீ ஒருவாட்டி பதிஞ்சிட்டு அப்படியே வுட்டுட்டியா? 'மாற்று'ன்னு இருக்குது பார், அத்த அமுக்கு. எதையும் மாத்த வேணாம். 'சேமி'ய அமுக்கு. புதுசா பதிஞ்ச மாதிரி ஆயிடும், மேல போயிருவ."

"அது தப்பில்லீங்களா பாய்?"

"எல்லாரும் அதான்பா பண்றான். நீ மட்டும் இன்னா பள்ளிக்கூடத்துலயா குந்திக்கினு இருக்க?"

அமுக்கினேன். வட்டம் சுற்றியது. அது நின்று பக்கம் திறப்பதற்குள் அளம் முழுக்க இருந்தவர்கள் 'சேமி'யை அமுக்கியிருந்தார்கள். நான் பழையபடி அடியில் கிடந்தேன். மறுபடி அமுக்கினேன். எல்லாரும் அமுக்க அமுக்க வட்டம் இன்னும் மெதுவாகச் சுற்றியது. போனைப் பாத்தியில் வீசியெறிய வேண்டும் போல இருந்தது.

"அந்தப் பொண்ணு நம்பர் குடுத்துச்சில்ல, பேசேன்" என்றாள் மனைவி. "வாயில இன்னா உப்பா அடைச்சி வெச்சிருக்க?"

அவளே நம்பரைப் போட்டு, போனை என் காதில் வைத்து அழுத்தினாள். நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இதுவரைக்கும் பதிஞ்சது எல்லாத்தையும், ஏத்தி முடிச்சதையும் சேர்த்து, மொத்தமா உங்க போனுக்கு அனுப்புது. அப்புறம் உங்க போன்தான் அத வரிசைப்படுத்துது. அதனாலதான் சுத்துது. வரிசைய எங்க பக்கத்துலயே போட்டு, மேல இருக்கிற கொஞ்சம் பேர மட்டும் அனுப்பணும். உங்க இடத்த தனியா காட்டிடலாம். இன்னைக்கே மாத்திடறேன்."

ஒரு கூடை உப்பு கேட்டால், அளத்தையே அள்ளி வந்து வாசலில் கொட்டி, பொறுக்கிக்கொள் என்பது போலல்லவா இருந்திருக்கிறது!

"புதுசு மேலன்றது...?" என்று இழுத்தேன்.

"அது சங்கம் சொன்னது சார். செயலாளர் சொன்னாதான் நான் மாத்த முடியும்."

சொன்னபடி அன்றைக்கே வட்டம் போய்விட்டது. தொட்ட உடனே பக்கம் திறந்தது. நான் கடைசியில் இருப்பது இப்போது உடனுக்குடன் தெரிந்தது.

மறுநாள் காலை சங்கத்து அறைக்குப் போனேன். செயலாளரோடு நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நின்றேன்.

"இன்னாப்பா, நிக்கிற?"

"வரிசைங்க... மொதல்ல பதிஞ்சவங்களுக்கு மொதல்ல வரணுங்க."

"மீட்டிங்ல எல்லாரும் சேந்து சொன்னது அது. மழை நிக்கட்டும், மறுபடி கூடிப் பேசலாம்."

"மழைக்கப்புறம் வரிசை எதுக்குங்க? உப்பே இருக்காதே!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே ஒருவர், "ஐயே, இவருக்குப் பேச வருதுடா!" என்று சிரித்தார். காது சுட்டது. ஆனால் நான் நகரவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார், வெளியே வானத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். "மொதல்ல பதிஞ்ச தேதிப்படி, பழசு மேல வர்ற மாதிரி போட்டுரும்மா."

வீட்டுக்கு வரும் வழியிலேயே என் குவியல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. போனை நீட்டி மனைவிக்குக் காட்டும்போது திரையில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டும் விழுந்தது.

லாரி வந்தது, தார் ரோடு வரைக்கும்.

"உள்ள எறக்க மாட்டேங்க. சேத்துல மாட்டுனா இழுக்க ஆளில்ல" என்றார் டிரைவர்.

கூடையில் அள்ளி, தலைச்சுமையாகவே ரோட்டுக்குக் கொண்டுபோனோம். பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்காமலே ஒரு கூடையைத் தூக்கினார். மழை வலுத்தபோது லாரி பாதிகூட நிரம்பவில்லை. மீதிக் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது.

"போன்ல 'ஏற்றியாச்சு' அமுக்குங்க, நான் கெளம்பணும்" என்றார் டிரைவர்.

அமுக்கினேன். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு லாரிக்குள் தலையை விட்டு, சீட்டின் மேல் விரிந்திருந்த துண்டில் துடைத்து, ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள்.

பட்டியலிலிருந்து என் பெயர் மறைந்தது. அடுத்து இருந்தவர் முதலிடத்துக்கு ஏறினார். அவருடைய குவியல் என்னுடையதைவிட இன்னும் உள்ளே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.