மாற்றியது யார், ஏன்

சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் சில வருடங்கள் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மதுரைக்குத் திரும்பினேன். வீடு பழங்காநத்தத்தில். வேலை கிடைத்தது தல்லாகுளத்தில், கீழே ஜெராக்ஸ் கடையும் மேலே நாங்களுமாக இருந்த ஒரு மாடியில். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். செல்லூர் நூல் வியாபாரிகள், சேலைக்கடைக்காரர்கள், சிமெண்ட் கடை, அரிசி மண்டி என்று வாடிக்கையாளர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள்.

அலுவலகத்தில் என்னைச் சேர்த்தும் ஒரு ஆட்டோவுக்குள் அடங்கிவிடுகிற கூட்டம்தான். முதலாளி. மென்பொருளை ஆதியிலிருந்து எழுதிவந்தவர் ஒருவர். அவரைப் பெரியண்ணன் என்போம். பில்லின் அச்சு வடிவத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா. கடை கடையாக பைக்கில் போய் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவரும் வண்டிக்காரர். அப்புறம் நான்.

சேர்ந்த முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். பெரியண்ணன் மேசையில் ஒரு பழைய ஹெல்மெட் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து போய், "அண்ணே, எடுத்துக்கிறவா?" என்று கேட்டு, அதைத் தூக்கிவந்து தன் மேசையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டிக்காரர்தான் விளக்கினார்.

"மெயின் ஃபோல்டர்ல யாராவது ஒரு ஆளுதான் கை வைக்கணும்க்கா. ரெண்டு பேரு வச்சா ஒருத்தர் பண்ணுனத இன்னொருத்தர் அழிச்சுருவாங்க. ஹெல்மெட் யாரு மேசையில இருக்கோ அவுகதான் தொடலாம்."

சென்னையில் இதற்கென்றே மென்பொருள் வைத்திருந்தோம். யார் எதை மாற்றினாலும் பழையதையும் புதியதையும் அது வைத்துக்கொள்ளும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதையும் சேர்த்து. வெர்ஷன் கண்ட்ரோல் என்பார்கள். புதிதாக வந்தவள் முதல் நாளே வாயைத் திறக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஹெல்மெட் ஏற்பாடும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று ஹெல்மெட் பெரியண்ணன் மேசையில் இருந்தது. வரிக் கணக்கில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தவர், ஃபைலை மூடாமலே சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரருக்குப் பழங்காநத்தத்தில் ஒரு கடையிலிருந்து அவசர அழைப்பு. அவருடைய சொந்த ஹெல்மெட்டின் வார் அன்று காலையில்தான் அறுந்திருந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் போலீஸ் நிற்கிறது என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேசையில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். எந்த மேசையிலும் ஹெல்மெட் இல்லை. முதலாளியிடம் கேட்டார்.

"அதான் யாரு மேசையிலயும் இல்லயேம்மா. நீ பாரு," என்றார் முதலாளி.

அக்கா உட்கார்ந்து, அதே ஃபைலில் ஒரு சேலைக்கடையின் பில்லை முழுக்கப் புதிதாக வடிவமைத்து முடித்தார். திரும்பிவந்த பெரியண்ணன் தான் திறந்து வைத்திருந்த பழைய ஃபைலில் விட்ட இடத்திலிருந்து வேலை பார்த்து, நிம்மதியாக சேமித்தார். அக்காவின் பிற்பகல் மொத்தமும் அதற்கடியில் போய்விட்டது.

"ஹெல்மெட் எங்கிட்டதான இருந்துச்சு," என்றார் பெரியண்ணன்.

"எங்கண்ணே இருந்துச்சு? காட்டுங்க பாப்போம்," என்றார் அக்கா.

ஹெல்மெட் அந்நேரம் வைகைப் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது என் மேசை. "அந்த வரி விகிதம் எந்த ஃபைல்ல இருக்குன்னு கேளும்மா," என்று இந்தப் பக்கமிருந்து வரும். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் நான் திரும்பிக் கேட்பேன். "அவருக்குத் தெரியாததா, அவரையே தேடச் சொல்லு," என்று அந்தப் பக்கமிருந்து வரும். இதைச் சுமந்தே என் வேலை பாதி கெட்டது. வேறு வழியில்லாமல் முதலாளியிடம் போய் வெர்ஷன் கண்ட்ரோலைப் பற்றிச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டவர், "இதப் போட்டா சண்ட நிக்குமா?" என்றார்.

"நிக்காது சார். யாரு ஆரம்பிச்சதுன்னு தெரியும்."

"அது போதும். போட்டுரு."

மறுநாள் எல்லாரையும் என் கணினியைச் சுற்றி உட்கார வைத்தேன். மொத்த மென்பொருளையும் ஏற்கெனவே உள்ளே ஏற்றி வைத்திருந்தேன். பேசிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டலாம் என்று நினைத்து, எல்லாரும் பார்க்க, ஃபோல்டரை முழுவதுமாக அழித்தேன். பெரியண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். நான் ஒரு வரியைத் தட்டினேன். எல்லாம் இருந்தபடியே திரும்பி வந்தது. வண்டிக்காரர் கைதட்டினார். பெரியண்ணன் தண்ணீர் குடித்தார்.

"வந்துருச்சு, சரி," என்றார். "அடுத்தவாட்டி அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லும்மா. எனக்கு பிரஷர் இருக்கு."

பிறகு உட்கார்ந்து யோசித்தவர் கேட்டார்: "அப்ப நான் தப்பா எழுதிட்டுத் திருத்துனா, அந்தத் தப்பும் உள்ளயே கெடக்குமா?"

"கெடக்கும்ணே."

"யாரு வேணாலும் பாக்கலாமா?"

"பாக்கலாம்ணே."

"இது என்ன வம்பா இருக்கு," என்றார்.

வம்பாகத்தான் ஆனது. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளை ஒன்று அதில் உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயருக்குப் பழிபோடு என்றே அர்த்தம். என் புத்தி, அதையும் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதல் வாரம் முழுக்க அக்கா அதை மட்டும்தான் பயன்படுத்தினார். காலையில் வந்ததும் ஏதாவது ஒரு கோணல் வரியைத் தேடிப் பிடித்து, எழுதியவர் பெயரை எனக்கு மட்டும் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். ஒருநாள் அப்படித் தேடியதில் அவர் பெயரே வந்தது. அதோடு அந்த ஆராய்ச்சி நின்றது.

ஒவ்வொரு மாற்றத்தையும் உள்ளே ஏற்றும்போது, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்கு கமிட் போடுவது என்று பெயர். பெரியண்ணன் அதைத் தாசில்தாருக்கு மனு எழுதுவதுபோல் எழுதினார். "மேற்படி பில்லில் வரி கணக்கிடும் முறை திருத்தப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அக்கா, "சரிசெய்தேன்" என்று மட்டும் எழுதுவார். அடுத்தது, "மறுபடியும் சரிசெய்தேன்." அதற்கடுத்தது, "இப்போதுதான் சரி." வண்டிக்காரர் எழுதியது வேறு ரகம். "கடைக்காரர் மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறார். காபி கொடுத்தார்கள். பேப்பர் அகலம் குறைக்கப்பட்டது." முதலாளி தினமும் காலையில் செய்தித்தாளை ஒதுக்கிவிட்டு இவற்றை வாசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த தலைவலி கடைகளில் இருந்தது. வண்டிக்காரர் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து அங்கேயே நிரலை மாற்றிவிட்டு வந்துவிடுவார். எந்தக் கடையில் என்ன ஓடுகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு முடிவு எடுத்தோம். மென்பொருள் எல்லாருக்கும் ஒன்றேதான். கடையின் பெயர், பேப்பர் அளவு, பில்லின் அடியில் வரும் வாசகம் மாதிரி கடைக்குக் கடை மாறுகிறவை மட்டும் கடைக்கு ஒரு சின்ன ஃபைலில் தனியாக இருக்கும். அந்த ஃபைல்களும் வெர்ஷன் கண்ட்ரோலுக்குள் வந்துவிடும். இதற்காக வண்டிக்காரர் எல்லாக் கடைகளுக்கும் போய் உள்ளதை உள்ளபடி எடுத்துவந்தார். அப்போதுதான் தெரிந்தது, சிமெண்ட் கடையின் பில்லுக்கு அடியில், "பட்டுச்சேலையை வெயிலில் காயவைக்க வேண்டாம்" என்று இத்தனை காலமும் அச்சாகிக்கொண்டிருந்தது. சேலைக்கடைக்குச் செய்ததை அப்படியே நகல் எடுத்துப் போட்டதன் விளைவு.

பதறிப்போய் நானே அந்தக் கடைக்காரருக்கு போன் செய்தேன்.

"அது எனக்குத் தெரியும்மா," என்றார் அவர். "நல்ல விசயந்தான சொல்லிருக்கு. கெடந்துட்டுப் போகட்டும். வீடு கட்டுற ஆளுக பொண்டாட்டி கையிலதான பில்லக் குடுக்கும். படிச்சுட்டுச் சிரிக்கிறாக."

எடுக்கவே விடவில்லை. அவர் கடையின் ஃபைலில் அந்த வரி இன்றும் இருக்கிறது. பக்கத்தில் வண்டிக்காரர் எழுதிய குறிப்பும் இருக்கிறது: "தவறு அல்ல. ஓனர் விருப்பம்."

இவ்வளவு நடந்தும் பெரியண்ணனும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. ஹெல்மெட் இல்லாததால் அவரவர் தம் நகலில் வேலை பார்த்து உள்ளே ஏற்றினார்கள். பேசவேண்டிய தேவையே வரவில்லை. இந்த மென்பொருளைக் கொண்டுவந்தது தப்போ என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பிறகு ஒருநாள் இருவரும் ஒரே வரியில் கை வைத்தார்கள். பில்லில் வரும் பைசாவை முழு ரூபாயாக்கும் இடம் அது. பெரியண்ணன் ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாக முழுமையாக்கினார். அக்கா கடைசி மொத்தத்தில் மட்டும் முழுமையாக்கினார். இரண்டையும் சேர்க்கப்போன மென்பொருள், எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று இருவர் எழுதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவிட்டு நின்றுவிட்டது.

"நீயே பாத்து எதையாச்சும் வையும்மா," என்றார் பெரியண்ணன்.

"நான் எழுதலண்ணே. எழுதுன ரெண்டு பேருந்தான் சொல்லணும்," என்றேன். அக்காவின் நாற்காலியை இழுத்துப் பெரியண்ணன் கணினி முன் போட்டுவிட்டு, கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை இருப்பதாகச் சொல்லி இறங்கிப்போனேன். வேலை ஒன்றும் இல்லை. கடைக்காரர் என்னை நிற்க வைத்து அவர் வீட்டு இன்வெர்ட்டர் கதையைச் சொன்னார்.

திரும்பி ஏறும்போது படியிலேயே குரல் கேட்டது.

"செல்லூர் நூல்காரரு உருப்படிக்கு உருப்படி ரவுண்டு பண்ணித்தான் கேக்குறாரு. அவரு வழக்கம் அது," என்றார் பெரியண்ணன்.

"அரிசி மண்டிக்காரரு அப்புடிப் பண்ணா சண்டைக்கு வாராருண்ணே. மொத்தத்துல பண்ணுனாத்தான் ஒத்துக்கிறாரு."

"இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீங்கதான் பேசலயே."

"நான் பேசலயா? நீ பேசலம்மா."

இது கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் அதையும் அந்தந்தக் கடையின் ஃபைலில் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைய கமிட்டைப் பெரியண்ணன் எழுதினார். "இருவரும் கலந்துபேசி எடுத்த முடிவின்படி." அன்று மாலை அக்கா கொண்டுவந்த முறுக்கு முதலில் அவர் மேசைக்குப் போனது.

சில மாதம் கழித்து, காலையில் கமிட் வாசித்துக்கொண்டிருந்த முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"'சம்பந்தி வீட்டார் கேட்டபடி தாய்மாமன் பெயர் மேலே கொண்டுவரப்பட்டது.' இது எந்தக் கடை பில்லுப்பா?"

பெரியண்ணன் நெளிந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் யார் பெயருக்குப் பின் யார் பெயர் என்பதில் தினமும் ஒரு மாற்றம். மாற்றச் சொன்னவரே இரண்டு நாள் கழித்து, "நான் எப்பச் சொன்னேன்?" என்கிறார். தாங்க முடியாமல், பத்திரிகையையே உள்ளே போட்டு வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுத் திருத்தங்களுக்குக் கிளை என்று தனி நகல் ஒன்று, பெண் வீட்டுக்கு ஒரு கிளை. இரண்டையும் சேர்ப்பது அக்காவின் பொறுப்பு.

முதலாளி திட்டவில்லை. அன்றிலிருந்து கடைகளின் கமிட்டைத் தாண்டி முதலில் அதைத்தான் வாசித்தார். "சித்தப்பா இன்னைக்கு ஒரு படி எறங்கிட்டாரு போல," என்பார்.

இத்தனை செய்தும், அச்சாகி வந்தது பழைய வடிவம். யாரோ முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து பிரஸ்ஸில் அடித்துவிட்டார்கள். கட்டுகள் வீடு வீடாகப் போனபிறகுதான் தெரிந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெரியண்ணனின் பெரியப்பா, கலெக்டர் ஆபீசில் இருந்த வேலையை முடித்துக்கொண்டு, பத்திரிகையோடு எங்கள் மாடிப்படி ஏறிவந்தார்.

"எம்பேர என் தம்பி பேருக்குக் கீழ போட்டுருக்க," என்றார். உட்காரவில்லை.

"இல்ல பெரியப்பா. மேல மாத்திட்டேன். பிரஸ்ஸுல பழச அடிச்சுட்டாய்ங்க. இங்கன வந்து பாருங்க."

பெரியவர் குனிந்து திரையைப் பார்த்தார். "இது என்ன செவப்பு, பச்ச?"

"எடுத்தது செவப்பு. போட்டது பச்ச. இந்தா, உங்க பேரு பச்சையில மேல இருக்கு."

"கீழ செவப்புலயும் இருக்கே. அப்ப மொதல்ல கீழ போட்டது யாரு?"

பெயர் பக்கத்திலேயே இருந்தது. "நான்தான் பெரியப்பா."

"இது என்ன எழுதிருக்கு?" என்று விரலை வைத்துக் கூட்டி வாசித்தார். "'வீட்டில் சொன்னபடி, பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே மாற்றப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' வீட்டுலன்னா? மருமகளா?"

"ஆமா பெரியப்பா."

வண்டிக்காரர் யாரும் கேட்காமலே டீ வாங்கப் போய்விட்டார். பெரியவர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்ப உனக்குத் தோணல. அவதான் சொல்லிருக்கா," என்றார். "சரி. உனக்காக இல்ல, மருமகளுக்காக வாரேன்."

அக்கா சத்தமில்லாமல் எழுந்து, சரியான வடிவத்தைத் தடித்த தாளில் கலரில் அச்சடித்து, ஓரத்தில் மஞ்சள் தடவி அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதை முழுக்க வாசித்துவிட்டு, பழையதை மேசையிலேயே வைத்துவிட்டு, புதியதை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தில் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வரும்போது பக்கத்தில் யாரிடமோ அந்தத் தாளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க எல்லாருக்கும் குடுத்தது பழசப்பா. புதுசு எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு."