சகலை போட்ட லைட்டு

என் மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருக்கும் ஆசை. அவர் என்னைக் குறை சொல்கிறவர் இல்லை. போனால் எழுந்து நிற்பார், "வாங்க மாப்ள" என்பார், நாற்காலியைத் தன் துண்டாலேயே துடைத்துப் போடுவார். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் நான் செய்த ஒன்றைக் காட்டி, இது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதெல்லாம் சகலைக்குத்தான்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஈரோட்டில் தறி ஓட்டுகிறார், பெட்ஷீட் வியாபாரம், காரில்தான் வருவார். நான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடையில் பில் போடுகிறவன். பழைய பைக்கில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மாமனார் ஊரான தாராபுரம் வரைக்கும் வெயில் குடித்துக்கொண்டு போவேன். எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை என்று எழுதினால் என் மனைவியே சிரிப்பாள். காரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஏதாவது புதுச் சாமான் இருக்குமே, அதுதான் ஆகாது. ஒரு தடவை, தோட்டத்து மோட்டாரை ஈரோட்டில் இருந்தபடியே போனில் போட்டு நிறுத்துகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதைப் பற்றி மாமனார் ஊரெல்லாம் பேசினார். நான் வாங்கிப்போன மைசூர்பாவைப் பற்றி யார் பேசுவார்கள்?

போன தீபாவளிக்கு அவர் கொண்டுவந்தது எல்.இ.டி. பல்பு. மாமனார் தினமும் சாயங்காலம் பால் கேனை பைக்கில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் சொசைட்டிக்குப் போய்வருவார். திரும்பும்போது இருட்டிவிடும். வண்டியில் இருந்த பழைய ஹாலஜன் பல்பு தீக்குச்சி கிழித்த மாதிரி மஞ்சளாக எரியும். அதைத்தான் சகலை மாற்றினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வாசலில் சுற்றி நிற்க, ஹெட்லைட்டைப் பிரித்து, புதுப் பல்பை மாட்டி, சாவியைத் திருப்பினார். அந்த வெயிலிலும் பளீரென்று வெள்ளையாக எரிந்தது.

"பகலாட்டம் இருக்குதுங்க மாப்ள" என்றார் மாமனார்.

பட்டப்பகலில் பகலாட்டம் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்க நாக்கு துடித்தது. சகலை கழற்றிக் கொடுத்த பழைய பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அதை எங்கே போடுவது என்றுகூட யாரும் சொல்லவில்லை. சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே என் வண்டிக்கும் எல்.இ.டி. போடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். என் மனைவிக்கு என்னை நன்றாகத் தெரியும். "ஏனுங்க, உங்களுக்கு லைட்டு வேணுமா, எங்கப்பன் வாயில பேரு வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எளிதான வேலை என்றுதான் நினைத்தேன். சகலையே செய்திருக்கிறார், நமக்கென்ன? ஆனால் எல்.இ.டி. பல்புக்குப் பின்னால் சூடு தணிக்க ஒரு குட்டி ஃபேன் இருக்கிறது. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் ஏற்கெனவே ஒயர்கள் இடியாப்பம் மாதிரி அடைத்துக் கிடந்தன. ஃபேன் உள்ளே போக மறுத்தது. பல்பை அப்படியே ஒரு திருப்பு திருப்பி, இடம் பண்ணி, உள்ளே தள்ளி மூடினேன். எரிந்தது. ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது கண் சிமிட்டியது. என் வண்டி பழைய மாடல். அதில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை, எஞ்சின் சுற்றுவதிலிருந்து நேராக வருகிறது என்பதை யூடியூப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை பேட்டரி வழியாக மாற்றுவதற்குள் பல சாயங்காலங்கள் போயின. கையில் இரண்டு இடத்தில் சூடு பட்டது.

சிமிட்டல் நின்ற அன்று பெருமையாக வாசலில் வண்டியை நிறுத்தி லைட்டைப் போட்டேன். எதிர்வீட்டு மாடிச் சமையலறை ஜொலித்தது. அங்கே தோசை ஊற்றிக்கொண்டிருந்த அக்கா ஜன்னல் வழியாகக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் அணைக்கச் சொன்னார். ரோட்டைப் பார்த்தேன். என் முன்சக்கரத்துக்கு முன்னால் கும்மிருட்டு.

மறுபடியும் பிரித்தேன். பழைய பல்பு எல்லாப் பக்கமும் எரியும், எப்படி வைத்தாலும் கவலையில்லை. இது அப்படியில்லை. வெளிச்சம் வருகிற பொட்டுகள் இரண்டு பக்கவாட்டில் மட்டும்தான். கிட்டத்து வெளிச்சத்துக்கான பொட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அது கீழேதான் இருக்க வேண்டும். ஃபேனுக்கு இடம் பண்ணுகிறேன் என்று நான் பல்பைத் தலைகீழாக நிற்கவைத்திருந்தேன். ஒயர்களை ஓரமாகக் கட்டிவிட்டு, பல்பின் கழுத்து வளையத்தில் இருந்த குட்டித் திருகைத் தளர்த்தி நேராக்கினேன். வண்டியை காம்பவுண்டு சுவரைப் பார்த்து நிறுத்தியபோது, வெளிச்சம் சுவரில் இடுப்புக்குக் கீழே கோடு போட்ட மாதிரி நின்றது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொன்னாள்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை தாராபுரம் போனோம். பொழுது சாயும் நேரம், மாமனார் கேனை மாட்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஒரு கையில் டார்ச். பஞ்சரா என்று கேட்டேன். "இல்லீங்க மாப்ள, நடந்தாக் காலுக்கு நல்லதுங்க" என்றார்.

விஷயத்தை என் மனைவிதான் சமையலறையிலிருந்து கொண்டுவந்தாள், அவள் அம்மா சொன்னது. தீபாவளிக்கு அடுத்த நாள் மாமனார் அந்த லைட்டோடு போனாராம். வெளிச்சமெல்லாம் தென்னை மரத்து மட்டையில். ரோடு தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் கண்ணைக் கூசுகிறது என்று திட்டினார்கள். திரும்பி வரும்போது முன்சக்கரம் வாய்க்கால் கரையிலிருந்து சறுக்கி, கேனோடு விழப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் தள்ளிக்கொண்டுதான் போகிறார். பழைய மாதிரிப் பல்பே ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று அத்தை சொன்னதற்கு, மூத்த மாப்பிள்ளை ஆசையாகப் போட்டதைக் கழற்றினால் அவர் மனசு என்ன ஆகும் என்று வாயை அடைத்துவிட்டாராம். சகலை தினமும் போனில் கேட்கிறார். இவரும் தினமும் பகலாட்டம் இருப்பதாகச் சொல்கிறார்.

கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைக்கப் போவதில்லை. பால் கேன் வயிற்றுக்குள் கவிழ்ந்த மாதிரி குளிர்ந்தது. பிறகு வெளியே வந்து பார்த்தேன். அந்த டார்ச் வெளிச்சம் வாய்க்கால் ஓரமாகத் தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்து கரை வழுக்கும் மாதம். வாய்க்கால் நிறையத் தண்ணீர். விழுந்தால் கேட்க ஆளில்லாத ரோடு. சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளை போட்டதை இளைய மாப்பிள்ளை பிரிப்பது என்பது சாதாரணக் காரியமில்லை. அதனால் மறுநாள் காலையில், வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை என்று பதறிய மாமனார், என் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தென்னைக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

பிரித்துப் பார்த்தால் அதே கதை. சகலையும் ஒயர் இடிக்கிறது என்று ஃபேனைத் திருப்பி, பல்பைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார். நான் செய்த அதே தப்பு. அவர் வேறு பெரிய தப்பாகச் செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வண்டியை மாட்டுச் சாளைக்குள் தள்ளி, இருட்டுச் சுவரில் வெளிச்சம் இடுப்புக்குக் கீழே நிற்கும்வரை சரிபண்ணினேன். எருமை ஒன்றுதான் அதைப் பார்த்தது.

அன்று மத்தியானமே கிளம்பியிருக்க வேண்டும். கடைக்கு போன் செய்து, காய்ச்சல், நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மாமனார் டார்ச்சை எடுத்தபோது, "இன்னிக்கு ஏறிப் போங்க மாமா" என்றேன். டார்ச்சை ஜன்னலில் வைத்துவிட்டு ஏறினார். வெளிச்சம் ரோட்டில் பாய் விரித்த மாதிரி விழுந்தது. தென்னை மரங்கள் இருட்டாக இருந்தன. அவர் திரும்பி வரும்வரை நான் கேட்டை விட்டு நகரவில்லை. ஏறிப் போனவர் ஏறியே வந்தார்.

"எப்படி இருக்குதுங்க மாமா?"

"பகலாட்டம் இருக்குதுங்க மாப்ள."

அதே வார்த்தை. எழுத்து பிசகவில்லை, முகம்கூட அதே முகம். தலைகீழாக எரிந்த லைட்டுக்கும் இதுதான், நேராக எரிகிற லைட்டுக்கும் இதுதான். இத்தனை நாள் எதற்காக ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது, கையில் ஒன்றும் நிற்கவில்லை.

அப்போது ஈரோட்டிலிருந்து போன் வந்தது. சகலை வழக்கம்போல லைட்டைத்தான் விசாரித்தார். "நீங்க போட்டதுங்களா? இப்பத்தான் போயிட்டு வந்தேனுங்க. அருமையா இருக்குதுங்க, நல்லா ஓட்டிப்போட்டு வந்தேன்" என்றார் மாமனார். அருமை. எனக்குச் சொல்லாத புது வார்த்தை. அதையும் அவருக்கே கொடுத்துவிட்டு, சின்ன மாப்பிள்ளையும் இங்கேதான் இருக்கிறார் என்று போனை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங் தம்பி, நம்ம லைட்டு எப்படி?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். என் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அடுப்படியில் பாத்திரச் சத்தத்தை நிறுத்தியிருந்தார். மாமனார் மட்டும் என் பக்கம் திரும்பாமல், காலிக் கேனின் மூடியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"பகலாட்டம் இருக்குதுங்ணா" என்றேன்.

சகலைக்கு ஒரே குஷி. அப்படியானால் உங்கள் வண்டிக்கும் ஒன்று வாங்கி வருகிறேன், நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றார். சரிங்ணா என்றேன். வேறென்ன சொல்வது?

போன மாதம் காரில் வந்து மாட்டியும் விட்டார். இப்போது எங்கள் எதிர்வீட்டு மாடிச் சமையலறை பகலாட்டம் இருக்கிறது.