சுண்ணாம்புக்குள் இருந்த சங்கு

எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தின் நெற்றியில் ஒரு பிள்ளையார் இருந்தார். யாரும் பிரதிஷ்டை செய்த பிள்ளையார் அல்ல. ஆண்டுதோறும் சுதந்திர தினத்துக்கு அடித்த சுண்ணாம்பு கட்டிகட்டியாகத் திரண்டுபோய், வளைந்த தும்பிக்கை ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? முட்டம் போகும் பஸ்ஸின் டிரைவர்கூட ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாத என் அத்தை, வெள்ளிதோறும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அலுவலகப் படியில் சூடம் கொளுத்துவாள். கண்ணை மூடினால் லேசில் திறக்கமாட்டாள். அவளுடைய வேண்டுதல் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது, புது பெயிண்ட் அடிக்கச் சாரம் கட்டிச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குமாஸ்தாவாக இருந்த அப்பாவும் வாசலுக்கு வந்து நின்றார். தும்பிக்கைக்குப் பின்னால் முழு யானையே வந்தது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு யானை. இரண்டுக்கும் நடுவே, சுரண்டச் சுரண்ட, ஒரு பெரிய சங்கு. தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாளும் இவ்வளவும் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது!

"சாமியுமில்ல, பூதமுமில்ல. திருவிதாங்கூர் ராஜாவுக்க முத்திரையாக்கும் இது," என்றார் அப்பா. ராஜாக்களின் குலதெய்வமான பத்மநாபசாமியின் சங்காம் அது. இருபுறமும் காவலுக்கு யானைகளாம். ராஜா காலத்தில் நகராட்சி தொடங்கியபோது வைத்தார்களாம். ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் காகிதங்களில் கோபுர முத்திரை வந்துவிட்டது. இதை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை, சுண்ணாம்பு மட்டும் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ராஜாவே இறங்கிவந்து எதிரில் நிற்பதுபோல நான் கைகட்டிக்கொண்டேன்.

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அத்தை மட்டும் அசையவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளும் வீணாகிவிட்டனவே என்று எனக்கு அழுகை முட்டியது. அவளோ நிதானமாகச் சூடத்தைப் படியில் வைத்துக் கொளுத்தினாள்.

"அத்தே, அது சாமி இல்லியாம்," என்றேன்.

"இல்லாட்டிப் போட்டும் மக்ளே. கோயிலுக்குப் போனா ஆளுவ ஒவ்வொண்ணு கேப்பாவ. இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ."

கோயிலில் நாலு பேர் நின்று விசாரிப்பது நல்லதுதானே, அதற்குப் போய் அத்தை ஏன் பயப்படுகிறாள் என்று நினைத்தபடி, நான் மறுபடியும் யானைகளை அண்ணாந்து பார்த்தேன்.