நாலு கிலோ படம்

கொழும்புத் தியேட்டரில் படம் முடிந்து எழுந்தபோது, பக்கத்து இருக்கையில் கிடந்த நனைந்த மழைக்கோட்டின் வாடை, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குத் துணியின் அதே ஈரவாடை, என்னைப் பொகவந்தலாவையின் அந்த மலைக்கே இழுத்துப் போய்விட்டது.

அம்மாவோடு கொழுந்தெடுப்பவர்களில், ஞாயிற்றுக்கிழமை பஜாரில் வீடியோப் படம் பார்க்கிறவள் செல்லம்மா அக்கா ஒருத்திதான். திங்கட்கிழமை மழையோ பனியோ, அவள் தன் நிரையில் நின்று கதையைச் சொல்லச் சொல்ல, மற்ற நிரைகளில் கொழுந்து கிள்ளும் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கைகள் செடிமேலேயே நின்றுபோக, கீழேயிருந்து கங்காணி கத்துவார். அந்தியில் கொழுந்து நிறுக்கும்போது ஆளுக்கு எத்தனை கிலோ குறைகிறதோ, அதுதான் படத்துக்கு மதிப்பு. ஒன்றும் குறையாவிட்டால், "கையி நிக்கவே இல்லடி, குப்பப் படம்" என்பார்கள். ஒருமுறை நாலு கிலோ குறைந்து, எல்லாருக்கும் அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான், போட்டார்கள். "போனாப் போகுது, என்னா படம்ங்கிறேன்!" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள், தான் பார்க்காத அந்தப் படத்துக்காக.

இப்போது அந்த மலையை மானாப்புல் மூடிவிட்டது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன செல்லம்மா அக்கா பெட்டியில்தான் திரும்பி வந்தாள். அம்மாவுக்கு நான் படக்கதை சொன்னால் பாதியிலேயே தூங்கிவிடுகிறாள்.

கைபேசி, படத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. ஐந்தையும் தொட்டேன். எனக்கு ஒரு கொழுந்தும் குறையவில்லை.