கதைத்தால் மீன் ஓடிவிடும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில் என் மாமா ஞாயிறு தவறாமல் மீன்பிடிக்கப் போனார். ஒரு ஞாயிறும் ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை. அதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிடுவதிலும் சோற்றை அடிப்பிடிக்க விடுவதிலும் ஏற்கெனவே பெயரெடுத்தவர் மாமா. மீனையும் தவறவிடுவார் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மாதான் அலைந்து திரிந்து அவரை யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு எடுப்பித்தவர். வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாதான் அவருக்குக் கட்டில். கிழமை நாட்களில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. இரண்டு மாலைகள் பிரெஞ்சு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் என்னைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. அவரைப் பார்த்துக்கொள்வது என்னுடைய பொறுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஏனென்றால் எனக்குப் பிரெஞ்சு தெரியும், அவருக்குத் தெரியாது.

மீன்பிடிக்கிற யோசனை என்னுடையதுதான். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஆற்று மீன்களைப் பற்றிய ஒரு படப்புத்தகம் கொண்டுவந்திருந்தேன். அதில் ஒரு மீன் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய செதில், தடித்த வெள்ளை உதடு. மற்ற மீன்கள் தூண்டிலில் மாட்டும்போது இது கரையோர மரநிழலில் நின்று வேடிக்கை பார்க்குமாம். பிரெஞ்சில் அதற்கு மியூலே என்று பெயர். மாமாவின் காதில் அது ‘முள்ளே’ என்று விழுந்தது.

“பேரிலையே முள்ளு இருக்கு. இதைப் பிடிச்சு என்னத்துக்கு?” என்றார்.

பெயரைத் தப்பாகக் கேட்டாலும் அவர் சொன்னது சரிதான். அந்த மீன் உடம்பெல்லாம் முள். ஆனால் எனக்குத் தின்ன வேண்டாம், பிடித்தால் போதும். அதைப் பிடிக்க நல்ல தூண்டிலை விட நல்ல கால் வேண்டும் என்றது புத்தகம். பூனை போல நடக்க வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. புதருக்குப் பின்னால் முழங்காலில் நின்று, அந்த மீன் தினமும் தின்னுகிற புழுவையோ வெட்டுக்கிளியையோ பழத்தையோ தானாக விழுந்தது போல முன்னால் போட வேண்டும். சத்தம் கூடவே கூடாது. இதையெல்லாம் மாமாவுக்குத் தமிழில் சொன்னபோது கடைசி வரியை மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

மாமா ஒரு தூண்டில் தடி வாங்கினார், அனுமதிப் பத்திரமும் எடுத்தார். மூலையிலிருந்த தெப்பனர் கடைக்குப் போய்வரவே பஞ்சிப்படுகிற மனிதர், மீன்பிடிக்க மட்டும் மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் எடுத்துப் போகவேண்டிய இல்-பிசார் தீவைத் தெரிவு செய்தார். அங்கே ஆறு நல்ல துப்புரவு என்றார். இதற்கு முன் அந்தப் பக்கமே போகாதவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது, அதோடு சரி.

லவாலுக்குப் படகு போகிற துறையிலிருந்து சற்றுத் தள்ளி, ஆற்றுக்கு மேலே சாய்ந்தபடி ஒரு மல்பெரி மரம் நின்றது. அதன் கீழே ஒரு தட்டைக் கல். முதல் ஞாயிறு நாங்கள் போய் அரை மணி நேரத்தில் அந்த அக்கா வந்தார். சேர்ச் முடிந்து வருகிறவர் போல நல்ல உடுப்பு, கையில் ஒரு மாஜரின் டப்பா. அதற்குள் எனக்கென்று கேக். அந்தத் தீவில் ஒரு வீட்டில் தங்கி, நடக்க முடியாத ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வாம். ஆற்றங்கரையில் தற்செயலாக இன்னொரு தமிழரைக் கண்டது எவ்வளவு அதிர்ஷ்டம் என்று நான் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் தற்செயலாக வந்தார். அதற்கடுத்த ஞாயிறும்.

அந்தத் தீவு வேலைக்கு அவர் போகும்வரை மாமாவும் அவரும் ஒரே பிரெஞ்சு வகுப்பில் படித்தவர்கள் என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். மாமாவுக்குக் கடைசிவரை பிரெஞ்சு வராததன் காரணமும் அன்றுதான் விளங்கியது.

எனக்கு அந்த அக்காவைப் பிடித்திருந்தது. அவர்மீது இருந்த ஒரே குறை, கதைப்பார். மாமா அதைவிடக் கதைப்பார். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மாமா, அந்தக் கல்லில் இருந்தால் ஓயவே மாட்டார். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் மறுகரை வாத்துகள் எழும்பும். நான் புதருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவேன்.

“மாமா! கதைக்காதேங்கோ. கதைச்சா மீன் ஓடிடும்!”

உடனே இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதன்பிறகு பதினைந்து, இருபது நிமிடம் ஒரு சொல்லும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தண்ணீரைப் பார்ப்பார்கள். என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை என்று எனக்குள் ஒரு பெருமை. மனிதர் பேசுவது மீனுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, காலடி அதிர்வுதான் அதைக் கலைக்கும் என்று இப்போது படித்திருக்கிறேன். அவர்களுக்கு வாரத்தில் கிடைத்ததே ஒரு மணி நேரம். அதில் பாதியை நான் வீணாக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் மண்புழு போட்டேன், குஞ்சு மீன்கள் வந்து பிய்த்துக்கொண்டு போயின. வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். முள்ளே மட்டும் மரநிழலில் அசையாமல் நின்றது. ஒருநாள் அந்த அக்கா சத்தமில்லாமல் வந்து என் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

“ஒள்ளுப்பம் பொறுங்க புள்ள. இவருக்குப் புழு வேணாம். மேல பாருங்க, என்ன மரம்?”

ஒரு பழுத்த மல்பெரி ‘டுப்’ என்று விழுந்தது. முள்ளே மேலே வந்து வாயைத் திறந்து விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனது. அன்றிலிருந்து எங்கள் இரை பழம்தான். மாஜரின் டப்பாவில் அவரே பொறுக்கித் தருவார். ஆனாலும் மீன் வந்து மோந்து பார்க்கிற நேரத்தில் கல்லிலிருந்து ஒரு சிரிப்பு வரும், யாராவது எழும்பிக் காலை மாற்றி வைப்பார்கள், எல்லாம் போய்விடும். போகும்போது அந்த அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, “மறுகா வாறன்” என்பார். ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம், மறுகா என்றால் பிறகு, எங்கள் வீட்டில் சொல்கிற பேந்து. மட்டக்களப்பில் அப்படித்தான் சொல்வார்களாம். இந்தச் சொற்கள் எனக்குக் கேக்கை விட இனித்தன. பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவேன்.

ஒருமுறை அம்மா, ஆற்றில் யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டார். “ஒரு தீவு அக்கா வாறவ” என்றேன். இல்-பிசார் தீவுதானே. அம்மா அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்தாருக்குத் தீவு என்றால் நெடுந்தீவு, புங்குடுதீவு பக்கம். “தீவாக்களோ?” என்று முகத்தைச் சுழித்தார். பிறகு, அதுவும் நம்முடைய பக்கம்தானே என்று ஆறுதலடைந்தவர் போல வெங்காயம் வெட்டப் போய்விட்டார். மாமா சோபாவிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. எதற்கென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு என்மேல் இருந்த தீராத மனவருத்தம், மாமாவோடு தவிர நான் தமிழ் கதைப்பது அரிது என்பது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். அம்மா தமிழில் கேட்டால் நான் பெரும்பாலும் வேறெதிலாவது பதில் சொல்வேன். அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா புட்டுச் சட்டியோடு வந்து, இன்னும் போடவா என்று கேட்டார். அவரை மகிழ்விக்க எனக்கு நல்ல சந்தர்ப்பம்.

“ஒள்ளுப்பம் போடுங்கோ அம்மா. மறுகா வேணுமெண்டாக் கேக்கிறன்.”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியே, பிள்ளை தமிழ் கதைக்கிறாள்!”

அம்மா சிரிக்கவில்லை. அகப்பை அப்படியே நின்றது. மாமா தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆரிட்டைப் பழகினாய் இந்தக் கதை?”

“தீவு அக்காட்டை.”

“தீவாக்கள் மறுகா எண்டு சொல்லுறேல்லையே” என்றார் அம்மா, மாமாவைப் பார்த்தபடி.

எனக்கு அம்மாவின் அறியாமை பரிதாபமாக இருந்தது. விளக்கினேன். “அவ மட்டக்களப்பு அம்மா. அங்கை எல்லாரும் அப்பிடித்தானாம். அவவின்ரை சேர்ச்சிலையும் அப்பிடித்தான் கதைக்கிறவையாம்.”

ஒரு மூச்சில் ஊர், சமயம் இரண்டையும் கொட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சைவ வீடு, வெள்ளிக்கிழமை வேறு. அம்மா அகப்பையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்பிடிச் சொல்லக்கூடாது. எங்கட ஆக்கள் பேந்து எண்டுதான் சொல்லுறது. எங்கை, சொல்லு” என்றார்.

“பேந்து” என்றேன்.

“இன்னொருக்காச் சொல்லு.”

“பேந்து.”

அதன்பிறகு அம்மாவும் மாமாவும் இருந்த அறைக் கதவு மூடியிருந்தது. மீன்பிடிப்பதற்கு இவ்வளவு ஆத்திரமா என்று யோசித்தபடி நான் வெளியே இருந்தேன். அம்மாவின் குரல் உயர்ந்து உயர்ந்து கடைசியில் அழுகையாக மாறியது. “நான்தானே உன்னைக் கூப்பிட்டனான் தம்பி. ஊரிலை எனக்கு ஆர் மரியாதை தருவினம்?” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மாமாவின் குரல் ஒரே ஒருமுறைதான் கேட்டது. “நீங்கள் சொன்னாச் சரி அக்கா.”

அம்மா பொல்லாதவர் அல்ல. மாமாவுக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பவர். இரண்டு வருடம் கழித்து அவருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பெண் எடுத்து, தன் நகையைக் கழற்றிப் போட்டுக் கலியாணம் செய்துவைத்தார். அந்த மாமியும் தங்கமான மனிதர். கர்க்லாண்டில் வீடு, இரண்டு பிள்ளைகள், எல்லாம் நன்றாகவே இருக்கிறது. யாரையும் குறை சொல்ல என்னால் முடியவில்லை, என்னைத் தவிர.

ஒரு கிழமை விட்டு, மாமா என்னை ஒருமுறை மட்டும் அங்கே கூட்டிப்போனார். மல்பெரி முடிகிற காலம். தட்டைக் கல்லில் யாரும் இல்லை. காற்றுக்கு மூடி பறக்காமல் மேலே ஒரு சின்னக் கல் வைத்து, அந்த மாஜரின் டப்பா மட்டும் இருந்தது. உள்ளே நிறையப் பழம். ஒன்றுகூட நசுங்காமல் பொறுக்கி அடுக்கியிருந்தது.

“அக்கா வரேல்லையோ?”

“இல்லை. அவவுக்கு வேலை” என்றார் மாமா.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிக்க ஆளில்லை. நான் புதருக்குள் தவழ்ந்து போனேன். டப்பாவிலிருந்து நல்ல கறுத்த பழமாக ஒன்றைத் தூண்டில் முள்ளில் குத்தி, மரத்திலிருந்து விழுந்தது போலப் போட்டேன். ‘டுப்’. முள்ளே மேலே வந்தது. விழுங்கியது. தடி வளைந்தது.

என் முழங்கை நீளத்துக்கு இருந்தது. புல்லில் கிடந்து வெள்ளை உதட்டைத் திறந்து திறந்து மூடியது. நான் குதித்தேன்.

“பாத்தீங்களோ மாமா! கதைக்காம இருந்தா மீன் கிடைக்குமெண்டு நான் அப்பவே சொன்னனான்தானே!”

“ஓம். நீர் கெட்டிக்காரி” என்றார். முள்ளை மெதுவாகக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார். பிறகு கை கழுவினார். கை கழுவி முடிந்தும் எழும்பவில்லை. முகத்தைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். மீதிப் பழத்தை ஆற்றில் கொட்டிவிட்டு அந்த டப்பாவையும் கழுவி, தன் சேட்டு நுனியால் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“அது என்னத்துக்கு மாமா?”

“அவவின்ரைதானே. மறுகா குடுப்பம்.”

நான் விடுவேனா? வீட்டில் படித்த பாடம் நன்றாக நினைவிருந்தது.

“மறுகா இல்லை மாமா. பேந்து எண்டு சொல்லவேணும்.”

மாமா என்னைப் பார்த்தார். பையை மூடித் தோளில் மாட்டினார்.

“ஓம்” என்றார். “பேந்து.”

ஒரு சொல்லைத் திருத்திவிட்ட பெருமையில் நான் பஸ் தரிப்பிடம் வரைக்கும் துள்ளிக்கொண்டு நடந்தேன்.