ஏனுங்க சார்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் எங்கள் ஐ.டி.ஐ. நான் அங்கே எலெக்ட்ரீஷியன் பிரிவு இன்ஸ்ட்ரக்டர். பாடம் நடத்துவதைவிட எனக்குப் பெரிய தலைவலி, படித்து முடித்தவர்களை அப்ரண்டிஸாகச் சேர்த்துவிடுவது. பாலக்காட்டுப் பக்கத்துக் கம்பெனிகள் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் பையன்களோ கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு பொள்ளாச்சி பஸ் ஏறி, கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வீடு தேடிப் போனால், "படிச்சுப்போட்டு மறுக்காவும் படிக்கறதுங்களா?" என்று சிரித்து, மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எத்தனை வீட்டு மோர் குடித்திருப்பேன்!

கொஞ்ச வருஷமாக நிலைமை மாறிவிட்டது. பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கம்பெனி யூனிஃபார்மோடு பஸ்ஸிலிருந்து இறங்கினால், அடுத்த தெருவில் இன்னொருத்தி விசாரிக்கிறாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வயசு வரம்பே இல்லீங்க, எந்த வயசுக்காரங்களும் சேரலாமுங்க" என்று ஊர் ஊராகத் தொண்டை வற்றக் கத்தினேன். வீட்டில் அதற்கு ஒத்திகை வேறு.

ஒத்திகையை அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய சமயம் அது.

"ஏனுங்க, எந்த வயசுக்காரங்களும்னா நானும்தானுங்களே?"

"ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அப்ப ஊருக்கெல்லாம் பொய்யா சொல்லிட்டுத் திரியறீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுத்த சேர்க்கையில் அவள் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள்.

முதல் நாள் போர்டில் சர்க்யூட் வரைந்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்து "ஏனுங்க!" என்று ஒரு குரல். எங்கள் பக்கத்தில் யாரையும் அப்படிக் கூப்பிடலாம், தப்பே இல்லை. ஆனால் புருஷனைக் கூப்பிடுகிற ஏனுங்கவுக்குத் தனியாக ஓர் இழுப்பு உண்டு. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்கு நான் 'ஏனுங்க சார்'.

"சார்னு சொன்னா வாய் நோகுமா?" என்று வீட்டில் சண்டை போட்டேன்.

"வரமாட்டீங்குதுங்க" என்றாள் பாவமாக.

சாரே வரவில்லை என்றால் பெயர் எங்கே வரும்? கல்யாணம் ஆனதிலிருந்து என் பெயரை அவள் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள்.

படிப்பில் மட்டும் படு கெட்டி. பரீட்சை பாஸானதும் அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்கு நாள் வந்தது. அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது, இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் அவள் கிடந்ததிலேயே தெரிந்தது. வகுப்புப் பிள்ளைகளோடு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் என் காதோடு சொன்னாள்: "உங்க சம்சாரம்னு மூச்சு விட்றாதீங்க. சிபாரிசுல வந்தவன்னு பேராயிப்போகும்."

இன்டர்வியூ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்த அதிகாரி மலையாளி, எங்கள் மகள் வயதுப் பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் இவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம் போல.

"சேச்சியெ ஆரா படிப்பிச்சது?"

யார் சொல்லிக்கொடுத்தது என்கிறாள். இவள் முழிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் என்றால் சிபாரிசு ஆகிவிடும். ஏனுங்க சார் என்று சொல்ல முடியுமா? முழிக்கிறவளுக்கு இடம் கொடுப்பார்களா? அட கடவுளே, நான்கூடப் பெயரை ஏனுங்க என்றே மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது சொன்னாள். என் பெயரை. இனிஷியலோடு, முழுசாக, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில். என் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளியே வந்தவளின் முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க, கிடைச்சிருச்சுங்க!"

"மறுக்கா ஒருக்கா சொல்லு புள்ள."

"கிடைச்சிருச்சுங்க."

"அதில்ல. பேரு."

"அய்ய, போங்க! அது கம்பெனிக்குச் சொன்னதுங்க" என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடையைக் கட்டினாள்.